குதிகால் ஊன்றும் இடம்

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி இது: "அப்ப கிளட்ச்ச எத வச்சி மிதிக்கிறது?"

காலையிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிப் போயிருந்த எனக்கு அதைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. "காலே போச்சு, கிளட்ச் ஒரு கேடா?" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த மலாய்க்காரப் பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் அப்படித்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அழ வேண்டிய இடத்தில்கூட முதலில் கோபம்தான் வரும், அழுகை அதற்குப் பிறகு ஆடி அசைந்து வரும்.

அவருக்கு இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி. எங்கள் பக்கத்தில் இது இல்லாத வீடு எது? மாத்திரை போடுவார், மறப்பார், சாயாவில் சீனி வேண்டாம் என்பார், கூடவே ரெண்டு வடையும் குலாப் ஜாமூனும் உள்ளே தள்ளுவார். தேங்காய்ச் சிரட்டையின் சில்லு ஒன்று இடது உள்ளங்காலில் ஏறி இருந்திருக்கிறது. அதோடு நடந்திருக்கிறார், லோடு ஏற்றியிருக்கிறார், மனிதருக்குத் தெரியவே இல்லை. வாடை வந்த பிறகுதான் நான் காலைத் திருப்பிப் பார்த்தேன். காலில் நரம்பு செத்துவிட்டது, சூடு, குத்து, கடி எதுவும் தெரியாது என்று டாக்டர் சொன்னார். வலது காலும் அப்படித்தான் என்றார். "இனிமே இந்த ஒரு கால்தான் உங்களுக்கு ரெண்டு காலும். கண்ணு மாதிரி பாத்துக்குங்க" என்று என்னிடம்தான் சொன்னார், அவரிடம் சொல்லிப் பயன் இல்லை என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

கிளட்ச் கேள்விக்குக் காரணம் அவருடைய பிக்கப். நீலம் வெளுத்துப்போன பழைய ஜப்பான் வண்டி, எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலேயே வயதுக்கு வந்தது. பினாங்குத் தீவின் பின்பக்கம் பாலிக் புலாவ் தோட்டங்களில் தேங்காயும் வாழை இலையும் ஏற்றி, மலை வளைவுகளைச் சுற்றி வந்து, லிட்டில் இந்தியாவில் கடை கடையாக இறக்குவார். பவர் ஸ்டீரிங் கிடையாது, ஏர்கோன் கிடையாது. கியரைப் போட்டால் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அந்த வண்டியைப் பற்றி நான் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னால் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். என்னைப் பற்றி அவர் அம்மா குறை சொன்னபோது இந்த முகம் எங்கே போயிருந்தது என்று நானும் கேட்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குப் பயம் தொடங்கியது. சுங்கை பினாங்கில் எங்கள் ஃப்ளாட் மேல் மாடியில். தாழ்வாரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நிற்கும் பிக்கப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தட்டில் போட்ட சோறு போட்டபடி இருக்கும். செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு நடக்கப் பழகினார், ஆனால் லிஃப்ட் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிடுவார். எங்கே போவது? பிள்ளைகள் கோலாலம்பூரில். நான் ஃபேக்டரி கேன்டீனில் வேலை முடிந்து வந்தால், காலையில் விட்டுப் போன இடத்திலேயே இருப்பார். ஒரு நாள் மெதுவாகச் சொன்னார், "பாதியா வெட்டுனதுக்கு முழுசா வெட்டியிருக்கலாம்." அன்றைக்கு நான் கத்தவில்லை.

கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர் காராகச் சின்னதாக ஒன்று வாங்கலாம் என்றேன். "காருல தேங்கா ஏத்துவியா நீ?" என்றார்.

பாலம் தாண்டி அக்கரையில், புக்கிட் மெர்தாஜாமில் அவருடைய கூட்டாளி ஒருவன் பட்டறை வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் மெக்கானிக்கை ஃபோர்மேன் என்றுதான் சொல்வோம். என் வீட்டுக்காரரைவிடச் சில வயது இளையவன், இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுகிறவன். அவன் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, இவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணே, காலத்தானே எடுத்தாங்க, வண்டிய எடுக்கலியே. புது மாடல் எஞ்சின், ஆட்டோ கியர், பவர் ஸ்டீரிங், டிஸ்க் பிரேக் எல்லாத்தையும் தூக்கி இந்தப் பாடியில போட்டுருவோம் லா. ஒரு காலு போதும்."

என் வீட்டுக்காரர் முகத்தில் ரத்தம் ஓடியதை நான் பார்த்தேன். "முடியுமாடா?" என்று கேட்ட குரல், அவர் என்னைப் பெண் பார்க்க வந்த நாளில் நான் கேட்ட குரல். அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். நான் அடுப்படிக்குப் போய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சாமி வந்த மாதிரி வந்தானே இந்தப் பயல் என்று இருந்தது எனக்கு.

ஜப்பானில் கழித்த வண்டிகளை நடுவில் அறுத்து, முன்பாதியைக் கப்பலில் ஏற்றி அனுப்புவார்கள். அதற்கு ஹாஃப் கட் என்று பெயர். சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒருவரின் கிடங்கில் இப்படி அறுத்துப் போட்ட வண்டிகள் முகம் மட்டும் வைத்துக்கொண்டு வரிசையாகக் கிடந்தன. என் வீட்டுக்காரர் கம்பை ஊன்றி ஊன்றி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கடைசியில் ஒரு டீசல் எஞ்சினைப் பிடித்துப் போனது. பிறகு நடந்த வேலையெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் லீவு நாளெல்லாம் பட்டறையில் இவரை உட்கார வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நானும் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோ கியர்பாக்ஸ் பெருத்தது, பழைய தரைக்கு அடியில் அடங்கவில்லை. தரைத் தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தான் ஃபோர்மேன். அதற்கு அடியில் ஒட்டியிருந்த தகரக் காப்பும், மேலே விரித்திருந்த கனத்த கம்பளியும் மக்கிப் போயிருந்தன. தூக்கிப் போட்டாயிற்று. "கார்ப்பெட் கடைசியில போட்டுக்கலாம் அண்ணே" என்றான். பழைய எஞ்சினுக்கு எக்ஸாஸ்ட் குழாய் இடது பக்கம் இறங்கும். இந்த எஞ்சினுக்கு அது வலது பக்கம், டிரைவர் காலடியில் இறங்கியது. யாரும் அதை ஒளித்துச் செய்யவில்லை. என் கண் முன்னால்தான் செய்தார்கள்.

இன்ஸ்பெக்‌ஷனில் வண்டி பாஸ். ஒற்றைக் காலோடு ஓட்ட இவருக்கு லைசென்ஸும் கிடைத்தது. ஃபோர்மேன் பட்டறையைச் சுற்றி ஓட்டிப் பார்த்து, ஜூரு வரைக்கும் போய்வந்து, "பட்டு மாதிரி போவுது அண்ணே" என்றான். அவன் காலில் இரும்பு மூக்கு வைத்த கனத்த பூட்ஸ் இருந்தது. பட்டறைக்காரன் பூட்ஸ் போடாமல் பரதநாட்டியச் சலங்கையா போடுவான்?

முதல் ஓட்டத்துக்கு நாள் பார்த்தது நான்தான். புக்கிட் மெர்தாஜாம் கோயிலிலேயே வண்டிக்குப் பூசை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், முன்னால் தேங்காய், கண்ணாடியில் சந்தனம், குங்குமம். எங்கள் ஆட்களில் பூசை போட்ட வண்டிக்குள் செருப்புக் காலை வைக்க யாருக்கு மனசு வரும்? என் வீட்டுக்காரர் அந்தப் பிக்கப்பில் என்றைக்குமே செருப்போடு ஏறியவர் இல்லை. ஏறும்போது கழற்றிப் பின்னால் போடுவார், இறங்கும்போது எடுத்து மாட்டுவார். சோறு போடுகிற வண்டி என்பார். லோரி ஓட்டுகிறவர்கள் பாதிப்பேர் இங்கே அப்படித்தான். அன்றைக்கும் ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தைச் செருப்பை வலது காலிலிருந்து கழற்றினார். பிறகு என்னிடம் செயற்கைக் காலை நீட்டி, அதில் மாட்டியிருந்த ஷூவையும் கழற்றச் சொன்னார்.

"அந்தக் காலு கடையில வாங்குனதுங்க. அதுக்குமா மரியாத?" என்றேன்.

"காலு கடையில வாங்குனதுதான். சாமி கடையில வாங்குனதா? கழட்டு புள்ள."

ஃபோர்மேன் விழுந்து விழுந்து சிரித்தான். ஐயரும் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே கழற்றினேன். எலுமிச்சம்பழம் நசுங்கப் பிக்கப் நகர்ந்தபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் எதற்கும் விற்க மாட்டேன்.

தீவுக்குத் திரும்பும் பாலத்தில் பயங்கர ஜாம். நடுக்கடலில் மணிக்கணக்காக நின்றோம். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, வலது கால் பிரேக்கிலேயே இருந்தது, குதிகால் தரையிலேயே இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது, ஆனால் பினாங்கு வெயிலில் ஏர்கோன் இல்லாத வண்டியில் யாருக்குத்தான் வேர்க்காது? என் பக்கத்துத் தரையில் ஒன்றும் இல்லை. குழாய் அவர் பக்கம். இவரோ ஸ்டீரிங்கை ஒரு விரலால் திருப்பிக் காட்டி, "பாரு, பாப்பா கூட ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டு, ஏதோ பழைய பாட்டு பாடிக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் வழக்கம்போல் காலைக் கழுவித் துடைத்துப் பார்க்கும்போது குதிகால் வெளுத்துப் புடைத்திருந்தது, ஊற வைத்த ஜவ்வரிசி மாதிரி.

"எங்க சுட்டுக்கிட்டீங்க?"

"நான் எங்க சுட்டுக்கிட்டேன்? சும்மா உக்காந்துதானே வந்தேன்."

யோசித்துப் பார்த்தோம். உச்சி வெயிலில் கோயில் வாசல் சிமெண்டுத் தரை. வெறுங்காலோடு சுற்றி வந்தோமே! எனக்கே கால் பொத்துப்போன மாதிரி இருந்ததே! அதுதான், வேறென்ன என்று முடிவு செய்தோம். ஒரு துண்டுச் சாக்கு நனைத்துப் போட வக்கில்லையா அந்தக் கோயில் கமிட்டிக்கு என்று நான் அன்றைக்கு முழுக்கத் திட்டித் தீர்த்தேன். கிளினிக்கில் மருந்து வைத்துக் கட்டிய நர்ஸ் மிஸ்ஸியும், கோயில் கோயிலாகப் போய் எல்லாரும் இப்படித்தான் சுட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று அலுத்துக்கொண்டாள். "இந்தக் கால ஊனவே கூடாது அங்கிள். நடக்கவே கூடாது" என்றாள்.

அவர் நடக்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் மனிதர். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மருத்துவக்காரர் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டார். வீட்டிலிருந்து லிஃப்ட், லிஃப்டிலிருந்து பிக்கப் கதவு வரை வீல்சேரில் வருவார். கையை ஊன்றி சீட்டுக்கு மாறி உட்கார்ந்துகொள்வார். பிறகு பாலிக் புலாவ். மலை ஏற்றம், இறக்கம், லோடு, வெயில். நான் சத்தம் போட்டேன். "மிஸ்ஸி நடக்கக் கூடாதுன்னுதான் சொன்னா. உக்காந்துதானே ஓட்டுறேன்? இதவிட என்ன ரெஸ்ட்டு?" என்றார். தோட்டத்துக்காரர்களும் கடைக்காரர்களும் சாமான் ஏற்றி இறக்கிக் கொடுத்தார்கள், அவர் சீட்டை விட்டு இறங்கவே இல்லை. சாயங்காலம் வந்தால் ஊர்க்கதை சொன்னார், பசிக்கிறது என்றார். கட்டுப் போட்ட காலை நான் மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். அதில் ஒரு குறையும் சொல்ல எனக்கு மனசு இல்லை.

ஆனால் புண் ஆறவில்லை. ஓரம் கறுத்தது. கட்டு மாற்றும்போதெல்லாம் மிஸ்ஸி நெற்றியைச் சுருக்கினாள். "ஊனுறீங்களா அங்கிள்? உண்மையச் சொல்லுங்க." இவர் என் தலை மேல் கை வைத்து சத்தியம் செய்தார். பொய்ச் சத்தியம் இல்லை அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, லோடு இறக்கி வந்த கையோடு அவரை மேலே விட்டுவிட்டு, வண்டியைத் துடைக்கலாம் என்று நான் கீழே வந்தேன். ஈரத் துணியை டிரைவர் பக்கத்துத் தரையில் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த ஈரம் என் கண் முன்னாலேயே காய்ந்து போனது. என்னடா இது என்று உள்ளங்கையை வைத்தேன். அலாமாக்! தோசைக்கல்லில் வைத்த மாதிரி கையை இழுத்துக்கொண்டேன். ஆக்சிலேட்டருக்குக் கீழே, குதிகால் ஊன்றும் அந்த ஒரு சாண் இடம். வெறும் தகடு. மேலே கம்பளி இல்லை, கீழே சூட்டைத் தடுக்கும் காப்பு இல்லை, அதற்கும் கீழே அந்தக் குழாய்.

அங்கேயே, கார் நிறுத்துமிடத்தில், தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோயிலைத் திட்டினேனே. தாயே, உன்னைத் திட்டினேனே. பூட்ஸ் போட்ட ஃபோர்மேனுக்குத் தெரியவில்லை, பக்கத்து சீட்டில் இருந்த எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் வெறுங்காலை வைத்தவர் ஒருவர்தான், அவருக்குத் தெரிய வழியே இல்லை. தினம் தினம், கட்டுக்கு மேலேயே, வாட்டி எடுத்திருக்கிறது.

அன்றைக்கே ஆஸ்பத்திரி. எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார்கள். முதலில் சதையைச் சுரண்டினார்கள், ஊசி மேல் ஊசி போட்டார்கள், பார்ப்போம் பார்ப்போம் என்றார்கள். பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். வலது காலும் போனது.

பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா, "என்னம்மா செய்யிறது, பட்ட காலுலயே படும்னு சும்மாவா சொன்னாங்க" என்றாள். "பட்டது இடது, போனது வலது அக்கா. பழமொழியச் சரியாச் சொல்லுங்க" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொன்னேன். பாவம், அவள் ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு ஆறுதல் சொல்கிறவர்களைக் கண்டாலே அப்போது எரிந்தது.

ஃபோர்மேனுக்கு எதுவும் சொல்லக் கூடாது என்று என் வீட்டுக்காரர் கட்டளை போட்டிருந்தார். "அவன் எனக்கு உசிரு குடுத்தவன். தெரிஞ்சா செத்துருவான். வாயத் திறந்தே, அப்புறம் நான் உங்கூடப் பேச மாட்டேன்." நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான், ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு. இனிப்பு நீர் முற்றிப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்த பிறகு மறுபடியும் வந்தான். தாழ்வாரத்தில் இவருக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தான். "அண்ணே, மனச விடாதீங்க. கையாலயே பிரேக்கு, ஆக்சிலேட்டர் எல்லாம் இருக்கு, அதுவும் போட்டுத் தரேன்" என்றான். இவர் சிரித்துத் தலையாட்டினார். அவன் அதோடு நின்றிருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு சாயா கலக்கியிருப்பேன். "ஒங்க வண்டியப் பாத்துட்டு இன்னொரு அண்ணன் வந்திருக்காருண்ணே. அவருக்கும் இனிப்பு நீரு, கால்ல பலம் இல்லையாம். அதே எஞ்சின்தான் போடப் போறோம்" என்றான்.

கரண்டியைக் கீழே வைத்தேன். "தம்பி, கொஞ்சம் கீழ வாங்க. வண்டியப் பாக்கணும்" என்றேன். என் வீட்டுக்காரர், "ஏய்" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே போய் எஞ்சினைப் போடச் சொன்னேன். நல்லாத்தானே ஓடுது அண்ணி என்றான். ஓடட்டும் என்றேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் நின்றோம். அவன் என் முகத்தைப் பார்க்கிறான், வண்டியைப் பார்க்கிறான், ஒன்றும் புரியவில்லை. ரொம்ப நேரம் ஓடவிட்ட பிறகு, "பூட்ஸக் கழட்டுங்க. காலுறையையும் கழட்டுங்க. சீட்டுல உக்காந்து, பிரேக்க மிதிங்க" என்றேன். அண்ணி சொன்னால் செய்கிறவன். கழற்றினான். ஏறினான். குதிகாலை ஊன்றினான்.

"ஐயோ!" என்று காலைத் தூக்கிக்கொண்டான். தூக்கிய காலைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தத் தகட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கியது. ஸ்டீரிங்கில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அவனுக்கும் வலிக்கட்டும் என்றுதான் அழைத்து வந்தேன், மறைப்பானேன். வலித்ததைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்றும் குறையவில்லை. "அந்த அண்ணனுக்கு கீழ காப்புப் போடாமக் குடுத்துடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். பூட்ஸைக் கையில் பிடித்தபடியே வெறுங்காலோடு நடந்து போனான்.

மேலே வந்தேன். என் வீட்டுக்காரர் வீல்சேரைத் தாழ்வாரத்துக் கம்பியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் பார்த்திருந்தார். திட்டப் போகிறார், பேசாமல் இருக்கப் போகிறார் என்று எதிர்பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுட்டுச்சாமா அவனுக்கு?"

"சுட்டுச்சுங்க. உடனே எடுத்துட்டாரு."

"கொடுத்து வச்சவன்" என்றார்.